மூன்று விலைமனுக்களும் ஒரு கூரையும்

2017ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பெய்த பெருமழை இரத்தினபுரி மாவட்டத்தவருக்கு மறக்க முடியாதது. வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 200க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தின் முன்னால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கின்றது. இருந்தாலும் இது வர்த்தகப் பகுதி என்பதாலும், அதில் ஒரு பாடம் இருப்பதாலும் சொல்கிறேன்.

இறக்குவானைப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்வாக இறக்கிய ஒரு களஞ்சிய அறை. அன்றிரவு அந்த அறையில் மா, சீனி, பருப்பு என்று 42 மூட்டைகள் இருந்தன. விடிந்து பார்த்தபோது 19 மூட்டைகள் விற்க முடியாதபடி நனைந்திருந்தன. கூரைச் சீட் ஒன்றும் உடையவில்லை, பறக்கவுமில்லை. வீட்டுச் சுவரும் களஞ்சியக் கூரையும் சேரும் இடத்தில் மடித்து வைக்க வேண்டிய தகடு வைக்கப்படவில்லை. மழைநீர் சுவர் வழியே ஒழுகி நேரே மூட்டைகளின் மேல் இறங்கியிருந்தது.

அந்தக் கூரையை 2016இல்தான் புதிதாகப் போட்டேன். ஒருவர் 2 இலட்சத்து 10 ஆயிரம் கேட்டார். இன்னொருவர் 1 இலட்சத்து 65 ஆயிரம் என்றார். நான் குறைந்த விலைக்காரரிடம் கொடுத்து 45 ஆயிரம் ரூபா மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்பட்டேன். மூட்டைகள் நனைந்த பிறகு இரண்டு துண்டுகளையும் தேடி எடுத்து அருகருகே வைத்துப் படித்தேன். கூடிய விலைக்காரரின் துண்டில் ஒன்பது வரிகள் இருந்தன. அதில் ஒரு வரி, சுவரோரத் தகடு. குறைந்த விலைக்காரரின் துண்டில் இருந்தது ஒரே வரி: ‘கூரை வேலை, பொருளும் கூலியும்’. அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவர் எழுதாததை நான் கேட்கவில்லை. எண்பதாயிரம் ரூபாவுக்கும் அதிகமான சரக்கு போனது.

கடையில் ஒரு மூட்டை பருப்பு வாங்கும்போது நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! எந்த நாட்டுப் பருப்பு, எத்தனை கிலோ, சாக்கின் எடை கழித்தா கழிக்காமலா, ஏற்றுகூலி யாருடையது என்றெல்லாம் துருவுகிறோம். அதே நாம், வீட்டு வேலைக்கு இலட்சக் கணக்கில் கொடுக்கும்போது அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம். இக்கட்டுரை அந்தப் பழக்கத்தைப் பற்றியது.

முதலில் அளவு

2024 பெப்ரவரியில் வீட்டின் முழுக் கூரையையும் மாற்ற வேண்டி வந்தது. 1986இல் வாப்பா போட்ட அஸ்பெஸ்டஸ் கூரை அது. அங்கங்கே வெடித்திருந்தது. மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று மூன்று பேரிடம் விலைமனு கேட்டேன். முதலாமவர் நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் பதிவு பெற்ற நிறுவனத்தார். இரண்டாமவர் எங்கள் ஊர்ப் பாஸ். மூன்றாமவர் வேறோர் ஊரிலிருந்து வந்து, ஏறிப் பார்த்து, அரைமணி நேரத்தில் தொகை சொன்னவர்.

மூன்றும் கைக்கு வந்தபோது நிலைமை இது:

முதலாமவர்: ரூபா 11,40,000.
இரண்டாமவர்: ரூபா 14,39,100.
மூன்றாமவர்: ரூபா 12,75,000.

2016இல் இருந்த நானாக இருந்தால் அன்றே முதலாமவருக்கு முற்பணம் கொடுத்திருப்பேன். இம்முறை கூட்டுத்தொகையைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே உள்ள வரிகளைப் படித்தேன்.

முதலாமவர் சதுர அடி 950 ரூபா வீதம் 1,200 சதுர அடிக்குக் கணக்கிட்டிருந்தார். தொலைபேசியில் ‘வீடு 1,200 சதுர அடி’ என்று சொன்னது நான்தான். வீட்டின் தரை 30 அடிக்கு 40 அடி. ஆனால் கூரை தரையோடு நிற்பதில்லை. நாற்புறமும் இரண்டரை அடி இறவாரம் வெளியே நீள்கிறது. அப்போது 35க்கு 45. அதாவது 1,575 சதுர அடி. அதுவும் தட்டையாகப் பார்த்த அளவு. கூரை சரிவாக இருக்கிறது. எங்கள் வீட்டில் முகட்டிலிருந்து இறவாரம் வரை தரையில் அளந்தால் பதினேழரை அடி, முகட்டின் உயரம் எட்டரை அடி. சரிவோடு நாடா பிடித்தால் பத்தொன்பதரை அடி வருகிறது. பத்தொன்பதரையை 45ஆல் பெருக்கி, இருபுறத்துக்கும் சேர்த்தால் 1,755 சதுர அடி. நான் சொன்ன அளவுக்கும் உண்மை அளவுக்கும் 555 சதுர அடி வித்தியாசம்.

அந்த விலைமனுவின் அடியில் சிறிய எழுத்தில், ‘அளவெடுத்த பின் இறுதித் தொகை மாறும், பெறுமதி சேர் வரி நீங்கலாக’ என்று இருந்தது. 1,755 சதுர அடிக்கு 950 வீதம் 16,67,250 ரூபா. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அது 3,00,105 ரூபா. ஆக மொத்தம் 19,67,355. மிகக் குறைவாகத் தெரிந்த விலைமனு மிகக் கூடியதாகிவிட்டது. இதில் நிறுவனத்தார் மீது குற்றமில்லை. வரியை எழுதியே இருந்தார்கள். தவறான அளவைக் கொடுத்தவன் நான். ஆகவே எவரிடமும் விலை கேட்கும் முன் கூரையை நீங்களே அளந்து, ஒரே அளவை எல்லோரிடமும் கொடுங்கள். அவர்களும் வந்து அளக்கட்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்வதால் ஒரு சீட்டின் முழு அகலமும் கூரையை மூடுவதில்லை. விலை முழு அகலத்துக்கா, மூடும் அகலத்துக்கா என்று கேளுங்கள். துணிக்கடைக்காரருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

மூன்றாமவரின் 12,75,000 ரூபாவுக்கு வருவோம். அதுவும் எனக்குப் பழக்கமான அதே ஒற்றை வரி: ‘முழுக் கூரை மாற்றம்’. நான் அவரைக் கூப்பிட்டு, ஊர்ப் பாஸின் விலைமனுவில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன், விலையைச் சொல்லாமல்.

“பழைய கூரையை இறக்கி அப்புறப்படுத்துவது?”

“அது வேற முதலாளி. எண்பத்தையாயிரம் வரும்.”

“பீலியும் தண்ணி இறங்குற குழாயும்?”

“கூரைக்குத்தானே விலை கேட்டீங்க!”

90 அடி பீலி, அடி 1,200 ரூபா வீதம் 1,08,000. கூரையைச் சுவரோடு இழுத்துக் கட்டும் இரும்புப் பட்டிகளுக்கு 40,000. எல்லாம் சேர்த்தால் 15,08,000. ஊர்ப் பாஸின் 14,39,100 ரூபாவில் இவை யாவும் அடக்கம். இதற்கு மேல் சீட்டின் கனமும் வேறு. ஊர்ப் பாஸ் 0.47 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் எதுவும் எழுதவில்லை. கேட்டபோது 0.35 என்றார்.

நிறம் பூசிய உருக்குத் தகட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது கனம், அது பூச்சோடு சேர்த்துச் சொல்லும் கனமா, உள்ளிருக்கும் உருக்கின் கனமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது துருப்பிடிக்காமல் காக்கும் நாகம், அலுமினியம் கலந்த பூச்சின் அளவு. ஒரு சதுர மீற்றருக்கு இருபுறமும் சேர்த்து எத்தனை கிராம் என்று அது குறிக்கப்படும். 150 என்பது தகட்டில் நாம் அடிக்கடி காணும் நல்ல அளவு. மூன்றாவது உத்தரவாதம், அது எதற்கு என்பது முக்கியம். நிறம் மங்குவதற்கா, ஓட்டை விழுவதற்கா? தகட்டுக்கான உத்தரவாதம் உற்பத்தியாளருடையது. ஒழுகாமல் போடும் உத்தரவாதம் வேலை செய்பவருடையது. இரண்டையும் ஒன்றாகப் பேசிக் குழப்புவார்கள். தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

மரமும் அப்படியே. ‘மரம் மாற்றப்படும்’ என்றால் எந்த மரம், என்ன அளவு? பலாவும் ஒரு விலையல்ல, சப்புவும் ஒரு விலையல்ல. இறப்பர் மரம் நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும். மருந்து ஏற்றாத இறப்பர் பலகையைப் பூச்சி அரித்துவிடும். எத்தனை கைமரங்கள் பழுது என்பது கூரையைத் திறந்த பிறகே தெரியும் என்பது உண்மை. அதனால் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், ஓர் அடிக்கு என்ன விலை என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். நாங்கள் அடிக்கு 450 ரூபா என்று எழுதினோம். திறந்தபோது 20 அடி நீளக் கைமரங்கள் 11 உளுத்திருந்தன. 220 அடிக்கு 99,000 ரூபா. கூரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச நமக்குத் தைரியம் வராது. வானத்தைப் பார்த்தபடி கேட்டதைக் கொடுத்துவிடுவோம். அதற்காகவே இந்த ஒரு வரி.

காற்று உள்ளிருந்து தூக்கும்

விலைமனுக்களைப் பார்ப்பதற்கு முன்பே, தேயிலை பெக்டரியில் நீண்ட காலம் கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தச்சரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவர் கொந்தராத்து எடுப்பவரல்ல. பார்த்துச் சொல்ல 1,500 ரூபா கொடுத்தேன். கையில் ஒரு திருப்புளியோடு ஏறிக் கைமரங்களைக் குத்திக் குத்திப் பார்த்தார். இறங்கி வந்து சொன்னார்:

“மொதலாளி, காத்து மேல இருந்து அடிச்சு ஒடைக்காது. உள்ள பூந்து தூக்கும். பழைய சீட்டு கனம், அது தானா உக்காந்திருந்துச்சு. புது தகடு லேசு. கட்டிப்போடாட்டி எந்திரிச்சுப் போயிரும்.”

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். எங்கள் வீட்டு அளவுக்குப் பழைய அஸ்பெஸ்டஸ் கூரை ஏறக்குறைய இரண்டு தொன் எடை. புதிய தகடு அதில் மூன்றிலொரு பங்குதான். எடை குறைவது சுவருக்கு நல்லது, காற்றுக்கு நல்லதல்ல. ஆகவே தகட்டுக்கு மாறுபவர் கைமரம் சுவரோடு எப்படிக் கட்டப்படுகிறது, தகடு ஆணியாலா இறப்பர் வளையம் உள்ள ஸ்குரூவாலா பிடிக்கப்படுகிறது, ஓரங்களில் ஸ்குரூ நெருக்கமாக உண்டா என்பவற்றை விலைமனுவிலேயே கேட்க வேண்டும். காற்று முதலில் பிடித்திழுப்பது ஓரங்களையும் முகட்டையுந்தான்.

அந்தத் தச்சருக்குக் கொடுத்த 1,500 ரூபா இந்த வேலையில் நான் செய்த மிக இலாபகரமான செலவு. வேலை எடுப்பவரே பழுதையும் சொல்பவராக இருந்தால் பழுது கூடிக்கொண்டே போகும். அல்லது அகப்படும் வரை மறைந்திருக்கும்.

அஸ்பெஸ்டஸ் என்ற கணக்கு

பழைய கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் விலைமனுவில் தனியொரு வரி அவசியம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சீட் முழுதாக இருக்கும்போதைவிட, உடைக்கும்போதும் அறுக்கும்போதுமே கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசு பறக்கிறது. ஆகவே நனைத்து, உடைக்காமல் கழற்றி, சுற்றிக் கட்டி இறக்க வேண்டும். மேலிருந்து வீசக் கூடாது. சாதாரணத் துணி முகக்கவசம் இந்தத் தூசைத் தடுக்காது. உடைந்த துண்டுகளை முற்றத்துப் பள்ளத்தில் கொட்டி மிதித்து நிரவுவது நம் ஊர்களில் வழக்கம். பிள்ளைகள் விளையாடும் முற்றம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சீட்டுக்கும் நம் தோட்டங்களுக்கும் ஒரு கதை உண்டு. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தப் போவதாக இலங்கை அறிவித்திருந்தது. இங்கு வந்த அஸ்பெஸ்டஸில் பெரும்பகுதி ரஷ்யாவினுடையது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. இரண்டுக்கும் தொடர்பிருப்பதாகப் பலரும் பேசினர். சில நாட்களில் இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது. அதனால் 2018க்குப் பின்னும் கடைகளில் சீட் விற்பனையானது. கடையில் கிடைக்கிறது என்பதனால் ஒரு பொருள் தீங்கற்றது என்றாகிவிடாது என்பதற்கு இது ஒரு சான்று. அடுத்த தலைமுறைக்காகப் போடும் கூரையில் நான் அதைத் தவிர்த்தேன்.

தகட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். வெயிலில் சுடும், மழையில் சத்தமிடும். வெப்பம் தடுக்கும் படலம் கீழே விரிப்பது விலையில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எங்கே போகிறது?

இரத்தினபுரிப் பகுதியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எங்கள் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் சுமார் 3,700 லீட்டர் தண்ணீர். அது எங்கே இறங்குகிறது என்று எந்த விலைமனுவும் தானாகச் சொல்வதில்லை. மலைச்சரிவில் இருக்கும் வீட்டில் இந்தத் தண்ணீரைப் பின்பக்க மண்மேட்டில் விட்டால், கூரையைக் காப்பாற்றி அத்திவாரத்தை இழப்போம்.

சரிவில் வாழும் வாசகர்கள் கூரைக்குப் பணம் ஒதுக்கும் முன்பே நிலத்தைப் பற்றிக் கேட்பது நல்லது. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க, சாமசர மலை சரிந்தபோது எத்தனையோ வீடுகள் அப்படியே புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை மாவட்டங்கள் மீண்டும் அதையே அனுபவித்தன. மண்சரிவு அபாயம் பற்றி ஆராய்ந்து சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. பிரதேச செயலகத்தின் ஊடாகவும் விசாரிக்கலாம். நிலம் நில்லாத இடத்தில் எந்த விலைமனுவும் மலிவானதல்ல.

பேரிடர் முடிந்த கையோடு வரும் விலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் ஒரே நாளில் கூரை தேவைப்படும்போது ஊர் தெரியாத ஆட்கள் முற்பணம் கேட்டு வருவார்கள். முடிந்தவரை விரிப்பு கட்டி மழையைச் சமாளித்துவிட்டு, நிரந்தர வேலைக்குச் சில வாரம் பொறுப்பது நல்லது.

காலமும் காசும்

2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை வியாபாரிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அன்று முதல் ‘ஏழு நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்’ என்ற வரி எல்லா விலைமனுக்களிலும் ஏறிவிட்டது. அது நியாயமானதே. ஆனால் முற்பணம் கொடுத்த பின்பும் விலை ஏறுமா என்பதை எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பாஸின் விலைமனு நன்றாக இருந்தாலும் அவர் 60 வீத முற்பணம் கேட்டார். அதாவது 8,63,460 ரூபா.

“சாமான் எடுக்க வேணும் முதலாளி. எங்கிட்ட அவ்வளவு காசு சுழற்சி இல்ல.”

“சாமான் கடைக்கு நானும் வாறேன் பாஸ். கடைக்காரருக்கு நானே கட்டுறேன், பில் என் பேரில இருக்கட்டும். கூலிய வேல நடக்க நடக்கத் தாறேன்.”

அவர் ஒத்துக்கொண்டார். பொருள் வந்து இறங்கியதும் 30 வீதம், மரவேலை முடிந்ததும் 30, தகடு போட்டு முடிந்ததும் 30 என்று எழுதினோம். கடைசி 10 வீதமான 1,43,910 ரூபா ஜூன் மாத முடிவில், ஒரு பருவமழை நனைந்த பிறகு. பொருளுக்குக் கடையில் நான் கட்டியதை அந்தந்தத் தவணையில் கழித்துக்கொண்டோம். முதலில் அவர் முகம் சுருங்கியது. ‘நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டார். நம் கடைகளிலும் கடன் கொப்பி இருக்கிறது; அதில் எழுதுவது நம்பிக்கை இல்லாததாலா? மறதி இருவருக்கும் பொது என்பதால்தானே! அதைச் சொன்னதும் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மே மாதத்து இரண்டாவது மழையில் சமையலறைப் புகைக்கூண்டைச் சுற்றி ஒழுகியது. செய்தி அனுப்பிய மறுநாளே ஆளோடு வந்து தகட்டைக் கழற்றி, மீண்டும் மடித்துப் பூட்டிக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். பணம் நிலுவையில் இல்லாவிட்டாலும் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் அவரைக் கூப்பிடும் வீடுகள் பல. எங்கள் வீட்டுக்கு முதலில் வர அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

எல்லாம் சேர்த்து எனக்குச் செலவானது 15,38,100 ரூபா. அதே 11 கைமரங்களையும் சேர்த்தால் மூன்றாமவரிடம் 16,07,000 ஆகியிருக்கும், அதுவும் மெல்லிய தகட்டோடு.

ஆளைத் தெரிவு செய்வது பற்றி: ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்வது, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. பெரிய வேலைக்குப் பதிவைக் கேளுங்கள். ஊர்ப் பாஸ்மாரிடம் வேறொன்று கேட்கலாம். போன மாதம் போட்ட கூரையை அல்ல, இரண்டு பருவமழைக்கு முன் போட்ட கூரையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டாரோடு தனியே பேசுங்கள்.

ஓர் அம்மாவின் துண்டு

கடந்த வருடம் தோட்டத்திலிருந்து எங்கள் கடைக்கு வழமையாக வரும் ஓர் அம்மா ஒரு துண்டை நீட்டினார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்திருந்தது.

“மொதலாளி, லயத்துக்குத் தகரம் மாத்தணும். இந்தக் கணக்கு சரியான்னு பாத்துச் சொல்லுங்க.”

துண்டில் 24 தகடுகளும் ஒரு தொகையும் இருந்தன. ஸ்குரூ இல்லை, முகட்டுத் தகடு இல்லை, மேல் டிவிஷன் வரை ஏற்றிச் செல்லும் கூலி இல்லை. அதைவிடப் பெரியதொன்றும் இருந்தது. லயத்தின் கூரை ஒன்று, கீழே குடும்பங்கள் பல. நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் மாற்றினால் இருபுறமும் பழைய கூரையோடு சேரும் இடத்தில் ஒழுகும்; அயலவரோடு சண்டையும் வரும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

“அம்மா, மொதல்ல தொரைக்கிட்ட கேளுங்க. பக்கத்து வீட்டாரையும் சேத்துக்குங்க. அதுக்குப் பிறகு கடைக்குப் போங்க” என்றேன். இரண்டு மாதம் கழித்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து தகடு எடுத்தார்கள். மொத்தமாக எடுத்ததால் லொறிக் கூலி ஒன்றாயிற்று.

அந்தத் துண்டை எழுதியவரும் நம்மைப் போன்ற ஒரு வியாபாரிதான். கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் ‘ஸ்குரூ எடுத்தீங்களா, முகட்டுக்கு என்ன செய்வீங்க?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மாவின் ஓய்வுப் பணத்துக்கு ஒரு காவல் கிடைத்திருக்கும். அவருக்கும் ஆயுளுக்கும் ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருப்பார். 2016இல் எனக்கு ஒற்றை வரி எழுதியவரை நினைக்கும்போதெல்லாம், நான் எத்தனை பேருக்கு ஒற்றை வரியில் விலை சொல்லியிருக்கிறேன் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. விலைமனுவைப் படிக்கக் கற்றுக்கொள்பவர் விலைமனு எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெட்டி வைத்துக்கொள்ள

1. கூரையைச் சரிவோடு நீங்களே அளந்தீர்களா? எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுத்தீர்களா?
2. தகட்டின் கனம், பூச்சு, மரத்தின் இனம், அளவு எழுத்தில் உள்ளனவா?
3. முகடு, சுவரோரம், புகைக்கூண்டு, பீலி, குழாய் அடக்கமா?
4. கூரையைச் சுவரோடு கட்டும் முறை எழுதப்பட்டுள்ளதா?
5. பழைய கூரையை யார் இறக்குவது, எங்கே கொண்டுபோவது? பழைய மரமும் ஓடும் யாருக்குச் சொந்தம்?
6. மேலதிக மரத்துக்கு அடி விலை முன்கூட்டியே எழுதியாயிற்றா?
7. வரி அடக்கமா, நீங்கலாகவா? விலை எத்தனை நாளுக்கு?
8. வேலை தொடங்கும் நாள், முடியும் நாள், மழை வந்தால் மூடிவைக்கும் பொறுப்பு யாருடையது?
9. கடைசித் தவணை மழைக்குப் பிறகா?

இந்த ஒன்பதுக்கும் விடை எழுதிய பின், விடுபட்டவற்றின் விலையையும் சேர்த்து, மூன்று கூட்டுத்தொகைகளையும் மீண்டும் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு குறைந்த விலையைத் தெரிவு செய்தால், அது உண்மையிலேயே குறைந்த விலையாக இருக்கும்.